இருபத்து நாலு பெட்டி

மைனஸ் பதினெட்டு.
ஓவ்லு நகரின் பழைய தார்க்கிடங்கு, பின்வாசல்.
டிசம்பரில் இங்கே இரண்டு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும்,
அதனால் எத்தனை நேரமாய் நிற்கிறோம் என்று
மூக்கு சிவந்த அளவை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

யானைக்கு முன்னால் மணியோசை:
இரண்டு லாரி.
கதவு திறந்ததும் இறங்கத் தொடங்கியது
தோர்வால்ட் ஸ்கோகின் சுவர்.
கறுப்புத் துணியால் முகம் போர்த்திய ஸ்பீக்கர் பெட்டிகள்.
அந்தச் சுவரை என் அறைச் சுவரில்
இருபது வருடமாக ஒட்டி வைத்திருக்கிறேன்;
எண்ணத் தேவையில்லை. ஆனாலும் எண்ணினேன்.
இருபத்து நாலு.

"ஒன்று நாற்பது கிலோவுக்குக் குறையாது" என்றான் ஓஸ்மோ.
காகித ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்,
எடை சொன்னால் சொன்னதுதான்.

சொல்லி வாய் மூடவில்லை,
உதட்டில் சிகரெட்டோடு ஒரு பெண்
கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு
வழுக்கும் பனியில் நடந்து போனாள்,
பால் வாங்கித் திரும்புகிறவள் மாதிரி.

ஓஸ்மோவின் வாயிலிருந்து
ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

பிறகு அவன் வந்தான்.
இருட்டில் கறுப்புக் கண்ணாடி,
முழங்கால்வரை ஓநாய்த்தோல்.
ஸ்வீடன்காரன் என்பதே எங்கள் ஊரில் பாதித் திமிர்;
மீதியை அவனே கொண்டுவந்திருந்தான்.
பதினாறு வயது ஒன்னி
நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த இசைத்தட்டை நீட்ட,
"உன் கையுறை ஈரம்" என்றான்.
போய்விட்டான்.

வரிசை இரண்டாய்ப் பிளந்தது.
குறைகுடம் கூத்தாடினால்கூடப் பரவாயில்லை,
இதில் குடமே இல்லையே என்றது ஒரு பக்கம்.
வெறும் பலகையைச் சுமக்க
லாரிக்கு டீசல் யார் காசு?
கையெழுத்துக்கு வந்தாயா, காது கொடுக்க வந்தாயா
என்றது இன்னொரு பக்கம்.
பொய்ப்பல் செய்கிற ஹில்லெவி
மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்:
"பொய்ப்பல்லும் கடிக்கும்.
கடிக்கிறதா என்று மட்டும் பார்."

மூன்றாவது பாட்டு முடிந்து
கைதட்டல் அடங்கிய நொடியில்
ஓஸ்மோ கத்தினான்:
"காலிப் பெட்டி!"

டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தொடைமேல் வைத்தார்.
ஸ்கோக் கண்ணாடியைக் கழற்றினான்.
கண்ணுக்குக் கீழே பை தொங்கியது;
போஸ்டரில் அது கிடையாது.
சுவருக்குப் போய், கீழ்வரிசையில் ஐந்தாவது பெட்டியின்
துணியைப் பிரித்து, உள்ளே கைவிட்டு
ஒவ்வொன்றாய் எடுத்தான்:
கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி.
தெர்மாஸ்.
ஒரு கடி கடித்து வைத்த ரொட்டி.
பூட்ஸை உதறிவிட்டுச் செருப்பை மாட்டினான்.
ஒரு மடக்குக் குடித்தான்.
மைக்கில் சொன்னான்:
"நாலு பெட்டி உழைக்கும். இருபது சும்மா நிற்கும்.
நீ வேலை செய்யும் இடத்தில் எப்படி?"

காகித ஆலை முழுக்க அங்கேதான் இருந்தது.
சிரித்த சிரிப்பில் கூரைப்பனி சரிந்ததாக
மறுநாள் பேசிக்கொண்டார்கள்; நான் பார்க்கவில்லை.
ஓஸ்மோ சிரிக்கவில்லை.

அப்புறம் அந்தத் தடித்த கம்பியை ஒருமுறை,
ஒரே முறை, அடித்தான்.
பிளாஸ்டிக் கோப்பையில்
பீர் வட்டம் வட்டமாய் நடுங்கியது.
கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளி கூசியது.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.
ஹில்லெவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
செருப்போடுதான் கடைசிவரை வாசித்தான்.

பதினொன்றரைக்கு மறுபடி பின்வாசல்.
பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன.
ஒன்னி இன்னும் முறைத்துக்கொண்டு நின்றான்,
ஹீட்டரில் காயவைத்த கையுறையோடு.
ஓஸ்மோ அந்தப் பெண்ணிடம் கேட்டான்:
ஒன்றே ஒன்று, நான் தூக்கட்டுமா?
அவள் தோளைக் குலுக்கினாள்.

பால் வாங்கப் போகிறவன் மாதிரி
ஒரு கையை நீட்டினான்.
பெட்டி அசையவில்லை.
இரண்டு கை. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி,
ஆலையில் சொல்லிக்கொடுத்த முறைப்படி.
அசையவில்லை.

"அது நாலில் ஒன்று" என்றாள் அவள்,
சாம்பலைத் தட்டிவிட்டு.