வாய்க்கணக்கு

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில்
என் பல் ஆஸ்பத்திரிக்கு
ஜூனிலும் டிசம்பரிலும்தான் கூட்டம்.
விமானம் இறங்கிய இரண்டாம் நாள் வருவார்கள்.
முதல் நாள் பிரியாணிக்கு.

நேற்று பதுருத்தீன்.
ஜூரோங்கில் வெல்டர்.
கீழ்த்தாடை, வலப்புறம், கடைசிக்கு முந்தியது.
"ஏழு மாசமா வலி டாக்டர்."
அங்கே காட்டவில்லையா?
"காட்டினேன். அடைக்க நூத்தியெண்பது வெள்ளின்னான்.
அறுபத்தஞ்சால பெருக்கிப் பார்த்தேன்.
கிராம்பு வாங்கிட்டேன்."

பெருக்கும் பழக்கம் பதினோரு வருடமாம்.
ஒரு தேநீர் தொண்ணூறு ரூபாய்.
முடிவெட்ட அறுநூற்றைம்பது.
எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டிலுக்கு
இங்கே ஒரு மாடிவீடு.
குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பதை
எதால் பெருக்குவதென்று தெரியவில்லை,
நடுராத்திரி தனியாய்
வேலை முடிந்து நடந்துபோகும் பெண்களையும்.
அவை அவர் கணக்கில் இல்லை.

ஊசி போட்டேன்.
பாதி உதடு மரத்ததும்
பேச்சு இன்னும் கூடிற்று.
"இங்க எல்லாம் மலிவு டாக்டர்,
ஆனா இந்தக் காத்துக்கிடக்கிறது இருக்கே"
என்னும்போதே கரண்ட் போனது.
இருட்டில் இருவரும்;
அவர் வாய்க்குள் என் இரண்டு விரல்.
ஜெனரேட்டரை இழுக்கப்
பையன் படியிறங்கி ஓடும் சத்தம்.
போன வாரமே வந்திருக்கவேண்டிய
மேட்டூர்த் தண்ணீர்
பின்பக்க வாய்க்காலில்
பிளாஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டு
அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

முதல் மாதமே அடைத்திருந்தால்
நின்றிருக்கும் பல்.
மூன்று துண்டாய் வந்தது.
சொல்லவில்லை.
எண்ணிக் கிண்ணத்தில் போட்டேன்.

பஞ்சைக் கடித்தபடி கேட்டார்:
"உங்களுக்கு இங்க கட்டுப்படியாகுதா?"

கூடப் படித்தவர்களில் பாதி
பர்மிங்காமில், பெர்த்தில்.
எனக்குக் கடை வாடகை பன்னிரண்டாயிரம்,
ஜெனரேட்டருக்கு டீசல் தனி.
நடந்தே வீட்டுக்குப் போய்
மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிறேன்.
இதையெல்லாம் ஒருவர் வாயில் பஞ்சிருக்கும்போது
எப்படிச் சொல்வது.
மாத்திரை எழுதினேன்.

ஆயிரத்து ஐந்நூறில்
இருநூறு குறைக்கச் சொல்லி நின்றார்.
குறைத்தேன்.
போகும்போது மேசைமேல் ஒரு பெட்டி வைத்தார்:
சாங்கி விமான நிலையத்துச் சாக்லேட்,
பல் டாக்டருக்கு.
விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருந்தார்.
பன்னிரண்டு வெள்ளி எண்பது காசு.

ஷட்டர் இறக்குமுன்
நானும் பெருக்கினேன்,
அந்த எண்பது காசில் கொஞ்சம் தடுமாறி.