நான்காம் எண் கட்டை

அக்டோபர் மூன்றாம் வாரம்
டெல்மர் வந்தான்.
கையில் அளவுநாடா, கக்கத்தில் விலைப்பட்டியல்.
கணப்பின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்து
"நல்ல புகைபோக்கிதான்" என்றான்
பல் வைத்தியர் தோரணையில்.

ஆர்வோ நாற்காலியை விட்டு எழவில்லை.
ஜூனில் நெஞ்சைப் பிளந்து தைத்த தையல்
சட்டைக்குள் இன்னும் இளஞ்சிவப்பு.
கொட்டகையில் ஏழு வண்டி மேப்பிள்,
பிளக்க ஆளில்லாமல்.

விறகுதான், என்றார்.
சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து பனி அடித்தால்
மூன்று நாள் கரண்ட் கிடையாது,
அப்போது உன் காஸ் என்ன செய்யும்?
"எரியும். அதற்குக் கரண்ட் வேண்டாம்."
அப்படியானால் விலை, என்றார்.
விலையையும் சொன்னான்.
அப்படியானால் வாசனை.
டெல்மர் காப்பியைக் குடித்தான்.

நான் சாம்பலைப் பற்றிப் பேசினேன்.
முப்பத்தொரு குளிர்காலம் அள்ளியதை
வாளிக் கணக்கில் சொன்னேன்.
பட்டைக்குள் ஒளிந்து வந்து
ஜனவரியில் விழித்துக்கொண்டு
கம்பளத்தின் மேல் ஊர்வலம் போன எறும்புகளைச் சொன்னேன்.
சொல்லச் சொல்ல எனக்கே நியாயமாகப் பட்டது.

சாம்பல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.
கோடரி விழும் சத்தத்தைச்
சமையலறையிலிருந்து எண்ணுகிறவள் நான்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது தாமதமானால்
என் கத்தி நின்றுவிடும்,
உருளைக்கிழங்கு பாதித் தோலோடு.

வாசனை அவருக்கும் பொருட்டில்லை.
காகித ஆலையிலேயே செத்துவிட்டது அவர் மூக்கு.
காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு
கதவைத் திறந்து வெளியே போக
ஒரு காரணம் வேண்டும். அவ்வளவுதான்.

இதை இரண்டு பேரும் சொல்லவில்லை.
நெருப்பே இல்லாமல் புகைந்த வீடு எங்களுடையது.

கடைசியில் அவரே கையெழுத்துப் போட்டார்,
என் பக்கம் பாராமல்,
பேனா முனை தாளைக் கிழிக்கும்படி.

நவம்பரில் வந்து சேர்ந்தது:
தாமிரக் குழாய், இரும்புத் தட்டு,
பீங்கானில் வார்த்த ஆறு கட்டைகள்.
பட்டைச் சுருக்கம், கணு,
பூச்சி துளைத்த ஓட்டைகூட உண்டு.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்.
"நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் கரி பிடிக்கும்."
டெல்மர் இதை இரண்டு முறை சொன்னான்.

பொத்தானை அழுத்தினால் பற்றும்.
அழுத்தினால் அணையும்.
அதன் எதிரே முதல் வாரம்
யாரோ வீட்டுக்கு விருந்து வந்தவர்கள் மாதிரி
கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம்.

மேப்பிளை ஸ்டெர்லிங் வாங்கிக்கொண்டான், அடுத்த வீடு.
அவன் பிளக்கும் சத்தம்
இப்போது எங்கள் இருவருக்கும் கேட்கிறது.
நான் எண்ணுவதில்லை.
அவர் எண்ணுகிறார்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்குக்
கீழே வெளிச்சம்.
பழைய இரும்புக் கம்பியோடு குந்தியிருந்தார்.
நான்காம் எண்ணை மெல்லப் புரட்டி
இரண்டாம் எண்ணின் மேல் சாய்த்து
காற்றுக்கு வழிவிட்டு,
கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்து,
மறுபடி ஒரு தட்டு.
தீ நாக்கை நீட்டிப் பீங்கானை நக்கியது.
தலையை ஆட்டிக்கொண்டார்.
வந்த வழியே மாடிக்குப் போய்ப் படுத்தேன்.
நெடுநாளைக்குப் பிறகு உடனே தூங்கிப்போனேன்.

டிசம்பரில் கட்டைகள் கறுத்தன,
செங்கல்லில் விரல் வைத்தால் மசி.
டெல்மர் முட்டி போட்டுப் பார்த்துவிட்டு
"யார் நகர்த்தியது?" என்றான்.
ஆர்வோ ஜன்னல் வழியாகக்
காலிக் கொட்டகையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.
நான்தான், என்றேன்.
தூசி துடைக்கும்போது.

எண் வரிசைப்படி அடுக்கிவிட்டுப் போனான்.
எழுபது டாலர்.

ரசீதை மடித்து அலமாரியில் வைக்கும்போது
முதுகுக்குப் பின்னால் அவர் குரல்:
"அந்த நாலாவது இருக்கே,
அது இன்னும் பச்சைக் கட்டை."

ஆமாம், என்றேன்.
அடுத்த வருஷத்துக்குள் காய்ந்துவிடும்.