கேடயத்தில் ஓர் எழுத்து

விண்ணப்பப் படிவத்தின் எட்டாம் கேள்வி:
இதுவரை ஆற்றிய தொண்டின் மொத்த மணித்தியாலம்.
அதை அவள் வெறுமையாக விட்டிருந்தாள்.
ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறவள்
தன் படிவத்தில் விட்ட ஒரே இடைவெளி.

பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளன் நான்.
தொலைபேசியில் சொன்னேன்:
"ஏதாவது ஓர் இலக்கம் போடன், லோஜினி.
குழு கேட்கும்."
அந்தப் பக்கம் படகின் இயந்திரச் சத்தம்.
"மூதூர் இறங்குதுறையில நிக்கிறன். பிறகு எடு."
பிறகு நான் எடுக்கவில்லை.
ஐந்நூறு என்று நானே எழுதினேன்.

இருவரும் நிலாவெளி வீதி வளாகத்தில் படித்தோம்.
பரீட்சை மண்டபத்துக்குள் கடற்காற்று புகுந்து
எங்கள் தாள்களை எல்லாம் கலைக்கும்.
அவள் மட்டும் கைக்கடிகாரத்தைக் கழற்றித்
தாளின் மேல் வைத்து
நேரம் பார்க்காமல் எழுதுவாள்.

பதினொரு வருடமாகச் சனிக்கிழமைகளில்
மூடிக்கிடக்கும் கூட்டுறவுக் கடை வாசலில்
ஒரு பிளாஸ்டிக் மேசை,
ஆடும் காலுக்குக் கீழே மடித்த மட்டை.
தோப்பூரிலிருந்து வருவார்கள்,
சம்பூரிலிருந்து, ஈச்சிலம்பற்றிலிருந்து.
கடல் ஏறிய வருடம் நனைந்த பதிவுகள்.
ஓடிய வருடம் எரிந்த பதிவுகள்.
நனையாமலும் எரியாமலும்
எழுதியவரின் அவசரத்தில் பிழைத்துப்போன பதிவுகள்.
றிஸ்வியாவின் "ற" ஒரு தாளில் "ர" ஆனதால்
பரீட்சை அனுமதி அட்டை வரவில்லை.
வேலுப்பிள்ளை ஒரு புள்ளியை இழந்து
வேலுப்பிளளை ஆகி,
இரண்டு ஏக்கர் வயல் யாருடையது என்று
கச்சேரி ஆறு வருடம் யோசித்தது.

ஒரு தாய் வருவாள்.
மகனின் வயது கேட்டால்
அவன் போன அன்று இருந்த வயதைச் சொல்வாள்.
லோஜினி உடனே எழுதமாட்டாள்.
பேனையை மூடி வைப்பாள்.
இரண்டு பிளேன்ரீ வரும்.
அந்த நேரத்தையும் மணித்தியாலத்தில் சேர்ப்பதா?
எனக்குத் தெரியாது. குழுவுக்கும் தெரியாது.

விழா நகரமண்டபத்தில்.
பிரதம அதிதி முக்கால் மணி பிந்தி வந்தார்.
நடுச்சாமத்திலும் குருதி கொடுக்க ஆள் பிடிக்கும்
கிண்ணியா ஃபர்மான் மேடையில் தூங்கி விழுந்தான்.
கோட்டை மான்களின் வாயிலிருந்து
பொலித்தீனை இழுத்தெடுக்கும் தம்மிக்கவின் கையில்
ஒரு புதுக் கடி, புதுக் கட்டு.
அவள் பெயரை நான்தான் அறிவித்தேன்.
வந்தாள். வாங்கினாள். கேடயத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

ஞானலோசனி.
மத்திய வீதிக் கடையில் ஓடர் கொடுத்தது நான்.
சரிபார்த்துக் கையொப்பம் வைத்ததும் நான்.

ஒலிவாங்கி இருப்பதை மறந்து சிரித்தாள்.
"திருத்த மூன்று மாதம் எடுக்கும்.
ரெண்டு சாட்சி வேணும்.
சமாதான நீதவானின்ர கடிதமும்" என்றாள்.
சபை விளங்காமல் கைதட்டியது.

அடுத்த சனி, முதல் படகில் போனேன்.
சரியாகப் பொறித்த பித்தளைத் தகடு சட்டைப் பையில்;
மன்னிப்பு, அதை எந்தப் பையில் வைப்பதென்று தெரியவில்லை.
மேசையைச் சுற்றிப் பதினாறு பேர்.
காற்று அன்றைக்கும் மோசம்.
படிவக் கட்டின் மேல்
முகம் குப்புறக் கிடந்தது கேடயம்,
ஒரு தாளும் பறக்கவில்லை.

தகட்டை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை.
"நல்ல நேரம் வந்தாய்,
இந்த அம்மாவுக்கு ஒரு சாட்சி குறையுது, இரு."
இருந்தேன்.
பேனையைத் தந்தாள்.
"பெயரை முழுசா எழுது," என்றாள்,
"விளங்கிற எழுத்தில."