எதிர்க்கரையில் பதினோராம் மாடி

மூன்று தீவுகள் போய்வந்தோம் என்றுதான்
திங்கட்கிழமை அலுவலகத்தில் சொல்வேன்.
எவ்வளவு தூரம் என்று
யாரும் கேட்காதிருக்க வேண்டும்.

படகு இருபத்தேழு அடி.
விற்றுவிட்டுப் போன நியூசிலாந்துக்காரர்
பெயரை மட்டும் மாற்றாதீர்கள் என்றார்,
மாற்றினால் கடல் கோபித்துக்கொள்ளுமாம்.
ஆகவே இன்னமும் அதன் முதுகில்
மார்கரெட்.
பத்து ஊபான் துறையில் டீசல் ஊற்றும் ஆ கெங்
எங்கள் இருவரையும் கூப்பிடுவது அந்தப் பெயரால்தான்.

முதல் நாள் கெண்டித் தீவு.
கச்சான் எழும் எழும் என்று
நண்பகல்வரை பாயை ஏற்றிவைத்துக் காத்திருந்தோம்.
அது மழைநாள் கைலிபோல் தொங்கியது.
"பாய்மரப் பயணம் என்பது
பாய்மரம் உள்ள படகில்
இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போவது"
என்று குறிப்பேட்டில் எழுதினான் குணாளன்.
கரையேறவில்லை. பாறையில் அலை
யாரையும் வா என்று சொல்லவில்லை.

ரீமாவ் என்றால் புலி.
புலியில்லாத அந்தத் தீவின் மணலில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
கடலைப் பார்த்தபடி இருந்தது.
ராணிபோல் போய் உட்கார்ந்தேன்.
நான்காவது கால் இல்லை.
அவன் சிரித்த சிரிப்பில்
பற்றைக்குள் இருந்த உடும்பு
எழுந்து, எங்களை ஒருமுறை பார்த்து,
நிதானமாக வேறு இடத்துக்குப் போனது.

மூன்றாம் மாலை ஜெரெஜாக்.
ரப்பர் படகை வேரில் கட்டிவிட்டு ஏறினோம்.
ஆலம் விழுது கவ்விய சுவர்,
கூரையில்லாத அறைகள்,
எண் பொறித்த வாசல்படி: 6.
நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தவர்களை
நோய் உண்டா என்று பார்க்க
இங்கேதான் இறக்கி நாள் எண்ணினார்களாம்.
ஆறாம் படியில் நின்று பார்த்தேன்.
நீர் தாண்டி, கைக்கெட்டும் தூரத்தில்
பினாங்கு.
அவர்களுக்கு அது எவ்வளவு தூரம்
என்று யோசித்துக்கொண்டிருந்தபோது
அவன் கத்தினான்:
"ஏய், அது நம்ம வீடு!"

எண்ணினோம். பதினோராம் மாடி,
இடமிருந்து மூன்றாவது.
சமையலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நீதான் கடைசியாகத் தேநீர் போட்டாய்.
நீதான் கதவைப் பூட்டினாய்.
மூன்று நாள் மின்சாரம்.
போன தீபாவளிக்கும் இப்படித்தான்.
துடுப்பு போட்டுப் படகுக்குத் திரும்பும்வரை,
மத்தி டின்னைத் திறக்கும்வரை,
முதுகு காட்டிப் படுக்கும்வரை
அந்த விளக்கு எரிந்தது.

நாலரை மணிக்கு சுமத்ராக் காற்று.
முதலில் கயிறுகள் விசிலடித்தன,
பிறகு மழை படுக்கை வாட்டில் வந்தது.
பின்னால் பாறை. அடியில் சேறு.
நங்கூரம் பிடித்திருக்கிறதா, நழுவுகிறதா,
இருட்டில் எதை வைத்துச் சொல்வது?
"மீன்கூண்டின் சிவப்பு விளக்கைப் பார்," என்றான்,
"அதுக்கு நேர் மேலே நம்ம சமையலறை.
விலகினால் சொல்."

பார்த்தேன்.
இவ்வளவு நேரம் நான் எதையும்
கண்கொட்டாமல் பார்த்ததில்லை.
மழை மறைக்கும், பிறகு இரண்டும் வரும்,
சிவப்புக்கு மேல் மஞ்சள்.
மறையும். வரும்.
ஒருமுறை வந்தபோது மஞ்சள்
ஒரு விரல் வலப்பக்கம்.
"விலகுது!"
குணாளன் முன்னால் தவழ்ந்து போனான்,
சங்கிலி இன்னும் பன்னிரண்டு மீட்டர்
கடகடவென்று இறங்கியது.
மஞ்சள் நின்றது.
விடியும்வரை நின்றது.

ஞாயிறு மதியம்
உப்பேறிய மூட்டைகளோடு லிஃப்டில் ஏறி,
கதவைத் திறந்தால்
சமையலறை இருட்டு.
சுவிட்ச் மேல்நோக்கி, அணைந்த நிலையில்.

அடித்தளத்து வாகன மாடிகள் மூன்றையும்
எண்ணும்போது விட்டுவிட்டோம்.
அது எட்டாம் மாடியில் யாரோ.
பால்குடிக்கும் பிள்ளை இருக்கலாம்,
இரவு வேலை முடிந்து வரும் மகன் இருக்கலாம்.
அல்லது எங்களைப்போல் இருவர்,
யார் அணைப்பது என்று.

மன்னிப்பு கேட்க இதுதான் நேரம்.
அவன் கேட்கவில்லை. நானும்தான்.
ஈரக் கயிறுகளைப் பால்கனியில் விரித்தான்,
நான் தேநீர் போட்டேன்.

இரவு படுக்கப் போகும்போது
விளக்கை அணைக்கக் கை போனது.
ஜன்னலுக்கு அப்பால் ஜெரெஜாக்,
ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல்.
யாரும் அங்கே நங்கூரமிட்டிருக்கவில்லை,
எனக்குத் தெரிந்தவரை.