ஏழாவது ஈரம்

விடிகாலை மூன்றரைக்கு சார்லஸ் கிளம்புகிறான்.
பேசின் பிரிட்ஜ் தாண்டிப் பால் பூத்.
நீலம் எண்பது, பச்சை நூற்றிருபது,
ஆரஞ்சு கேட்பவர்கள் குறைவு,
கிழிந்து ஒழுகியது இரண்டு.
எல்லாவற்றுக்கும் அவனிடம் கணக்கு உண்டு.

என்னிடம் இல்லை.
என் மேல் அளவுக்கோடு போட்டு யாரும் அனுப்பவில்லை.
இவ்வளவு இருந்தது, இவ்வளவு குடித்தான்,
மீதி இவ்வளவு என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க முடியாத பால்.

பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு.
மூன்றாம் நாள் இரண்டு அறுநூற்றி இருபது.
எல்லாக் குழந்தையும் முதலில் கொஞ்சம் இறங்கும் என்றார்கள்.
நூற்றி எண்பது கிராம்.
மளிகைக் கடையில் அவ்வளவு குறைந்தால்
சண்டை போட்டிருப்பேன்.

பெயர் இன்னும் வைக்கவில்லை.
மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை: எஸ்தர் குழந்தை.
அதற்குள் என் சுண்டுவிரல் நுழைந்து வெளியே வருகிறது.

அழுகிறான்.
ஹவுசிங் போர்டு மாடிப்படியில் அழுகை
ஒவ்வொரு தளமாக இறங்குகிறது.
எதிர்வீட்டு மெகருன்னிசா எட்டிப் பார்த்து
"பால் பத்தலைடி" என்கிறாள்,
காஸ் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில்.
கையில் ஒரு மாவு டப்பா.
எத்தனை கரண்டி, எத்தனை மில்லி,
எல்லாம் அச்சடித்திருக்கிறது.
அந்த அச்சுக்காகவே ஆசைப்பட்டேன்.
திறக்கவில்லை. திருப்பியும் கொடுக்கவில்லை.
அலமாரியில், ரவைக்குப் பின்னால்.

பார்க்க வந்த சிஸ்டர் கனகவல்லிக்கு
என்னைவிட இரண்டு வயது குறைவு.
"உள்ள போறத விடு. வெளிய வர்றத எண்ணு."

எண்ணுவது எனக்குத் தெரியும்.
லாரித் தண்ணிக்குக் குடம் எண்ணிய கை.
நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சில் கோடு:
நாலாம் நாள் நாலு துணி.
ஐந்தாம் நாள் ஐந்து, அதில் ஒன்று சந்தேகம்.

நவம்பர். மூன்று நாளாக விடாத மழை.
சார்லஸின் பழைய லுங்கியைக் கிழித்த துணிகள்
ஃபேனுக்குக் கீழே கொடியில் தொங்குகின்றன, காயாமல்.
எது இவன் நனைத்தது,
எது வங்காள விரிகுடா நனைத்தது?
ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன்.
பிள்ளை பெற்றபின் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுதான்,
கொடிக்கு முன்னால், தனியாக.

முதலில் தார். புது ரோட்டுக் கறுப்பு.
பிறகு பாசிப்பச்சை.
ஐந்தாம் நாள் ராத்திரி கரண்ட் போயிருந்தது,
செல்போன் வெளிச்சத்தில்
கடுகை அரைத்துத் தெளித்தாற்போல் மஞ்சள்.
நாலு மணிக்கு பூத்துக்கு போன் போட்டேன்.
"மஞ்சள் வந்துடுச்சு!"
"மஞ்சளா? எந்த வண்டியில?" என்றான்.

இன்னொரு அடையாளமும் உண்டு என்றாள் சிஸ்டர்.
தாடை இறங்கி ஒரு கணம் நிற்கும்,
பிறகு விழுங்குகிற சத்தம்.
குனிந்து காது கொடுத்தால்
யார்டில் பெட்டி மாற்றுகிற ரயில்.
அது போகட்டும் என்று காத்திருந்தேன்.
போனது.
க்.
அவ்வளவுதான். மூச்சைவிடச் சின்னது.
மறுபடி, க்.

பதின்மூன்றாம் நாள் சுகாதார நிலையம்.
தட்டில் அம்மணமாகக் கை கால் உதறுகிறான்.
முள் ஆடி ஆடி நிற்கிறது:
இரண்டு எண்ணூற்றி அறுபது.
சிஸ்டர் அட்டையில் எழுதிப் பேனாவை மூடுவதற்குள்
தட்டிலேயே போய்விட்டான்,
ஒரு வளைவு, என் தாலிச் செயின் வரைக்கும்.

"இதைக் கழிக்கணுமா?" என்று கேட்டேன், நிஜமாகவே.
அவள் பஞ்சால் துடைத்தாள். கழிக்கவில்லை.
பேனாவைக் கேட்டு வாங்கி
உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தேன்.
நேற்று இதே நேரத்திலிருந்து ஏழு.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் சாரல்.
பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடி
மற்ற கையை
நனையாமல் மூடி வைத்திருந்தேன்,
புளியந்தோப்பு வரும்வரை.