பதினோராவது கேள்வி

வேட்பாளர்களுக்கு அனுப்பிய தாளைத்
தட்டச்சு செய்தவள் நான்தான்.
அஸ்தம்பட்டியில், சங்கத்தின் மாடியறையில்,
மின்விசிறி ஓடாத ஒரு சனிக்கிழமை.
செயலாளர் தீர்த்தகிரி சொல்லச் சொல்ல,
ஒன்று: பழைய ஓய்வூதியம் திரும்ப வருமா.
இரண்டு: ஈட்டிய விடுப்புச் சரண்.
மூன்று, நான்கு, ஊதிய முரண்பாடு.
பத்து வரைக்கும் எங்களைப் பற்றித்தான்.
எல்லாம் நியாயம், ஒன்றையும் நான் மறுக்கவில்லை.
தாளின் அடியில் இரண்டு விரற்கடை மிச்சம்.
"வேற ஏதாச்சும் இருக்கா டீச்சர்?"
பத்துப் பிள்ளைக்குக் குறைந்தால் பள்ளியை மூடுவீர்களா
என்று நானே சேர்த்தேன்.
எழுத்தைச் சிறிதாக்கிய பிறகுதான்
இடம் கொண்டது.

முதலாமவர் பதினொன்றுக்கும்
பச்சை மையில் ஆம் எழுதி அனுப்பினார்.
மூடுவீர்களா?
ஆம்.
தீர்த்தகிரி கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
'சாதகம்' என்று குறித்து மாவட்டத்துக்கு அனுப்பினார்.

இரண்டாமவர் ஆள் அனுப்பினார்.
"உங்க சங்கத்துல மொத்தம் எத்தனை ஓட்டுங்க,
குடும்பத்தோட சேத்து?"

மூன்றாமவர் சுயேச்சை. சின்னம் ஜன்னல்.
வாழவந்தியில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கிறவர்.
மச்சானிடம் கடன் வாங்கி டெபாசிட் கட்டியவர்.
தாளை மடியில் விரித்து
உதடு அசைய முழுக்கப் படித்தார்.
"கடைசிக் கேள்வியைத் தவிர மத்தது எதுவும்
எனக்குப் புரியலீங்க.
அதுக்கும் முந்தி ஒண்ணு கேக்கணும்.
உங்க புள்ளைங்க எங்க படிக்குது?"

நல்லவேளை, டீ வந்தது.

ஏழு நாற்பதுக்கு அழகாபுரத்தில்
மஞ்சள் வேன் என் மகளை ஏற்றிக்கொள்ளும்.
டை கட்டத் தெரியாது, எலாஸ்டிக் வைத்தது வாங்கினோம்.
அப்புறம் எனக்கு ஏற்காடு பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அவள் பள்ளிக் கட்டணத்தைப்
பன்னிரண்டால் வகுத்துக்கொண்டே ஏறுவேன்.
எந்த வளைவிலும் மீதியில்லாமல் வந்ததில்லை.

மேலே, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால்
என் பள்ளியில் ஒன்பது பேர்.
காபிப் பழம் பழுத்தால் ஏழு.

என் பள்ளிதான் வாக்குச்சாவடி.
மூன்று வருடம் மனுப் போட்டும் வராத சாய்தளம்
மூன்றே நாளில் வந்து படுத்தது.
கழிப்பறைக்கு லாரியில் தண்ணீர்.
சுவர்ப் படத்தில் 'ஜ' எழுத்தை மட்டும்
செய்தித்தாள் ஒட்டி மறைத்தார்கள், சின்னமாம்.
நிஜ ஜன்னலை என்ன செய்வதென்று
யாருக்கும் உத்தரவு வரவில்லை.
அது பாட்டுக்குத் திறந்தே கிடந்தது.

எனக்குக் கெங்கவல்லியில் பணி.
மரவள்ளிக் கறை ஏறிய விரல்களைப்
பொழுது சாயும்வரை பிடித்துப் பிடித்து
மை வைத்தேன்.
என் ஓட்டு தபாலில் போயிருந்தது.
யாருக்கென்று சங்கத்தில் சொன்னது வேறு.

ஜன்னலுக்கு நானூற்றுப் பதினாறு.
மச்சானின் பணம் போயிற்று.
பச்சை மை ஜெயித்தது.
மாலையோடு நின்று எடுத்த படம்
சங்கத்தில் மாட்டியிருக்கிறது,
ஓரத்தில் என் தோள் தெரிகிறது.

ஜூனில் பள்ளி திறந்ததும் சேர்வராயன்
செய்தித்தாளை நகத்தால் சுரண்டினான்.
பசையோடு பாதிப் படமும் வந்துவிட்டது.
"இது என்ன எழுத்து டீச்சர்?" என்று
அவன் தங்கை கேட்டுக்கொண்டிருந்தபோதுதான்
வட்டாரக் கல்வி அலுவலரின் போன்.

எத்தனை பேர்?
ஒன்பதுங்க சார்.
"ஒண்ணுதானே குறையுது டீச்சர்.
ஒரே ஒண்ணு.
நமக்குத் தெரிஞ்சவங்க புள்ளை யாராச்சும்..."

சார், சிக்னல் இல்லீங்க சார், என்றேன்.
இந்த மலையில் அதை
எல்லோரும் நம்புவார்கள்.