கல் நீக்கிய எடை

ஐந்து ரோடு கிளையில் நான் நகை மதிப்பீட்டாளன்.
உரைகல், அமிலக் குப்பி, மூன்று தசமம் காட்டும் தராசு.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடை போடுவேன்;
காற்றுக்குக்கூட ஒரு மில்லி போய்விடக் கூடாது.

ஊரடங்கில் தெருவெல்லாம் ஷட்டர்.
முதலில் திறந்தவர்களில் நாங்களும் இருந்தோம்.
வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள், ஆளுக்கொன்று.
இறுகிய வளையலைக் கழற்ற
ஒரு கிண்ணம் சோப்புநீர், நானே கரைத்துவைத்தேன்.

மாதம்மாள் மூன்று முறை வந்தார்.
அம்மாப்பேட்டையில் தட்டுவடை செட் தள்ளுவண்டி.
மே மாதம் கம்மல்:
நாலு கிராம், சிவப்புக்கல் நீக்கி மூன்றேகால்.
"கல்லுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"
கல்லுக்கு ஒன்றும் இல்லை.
ஜூலையில் மகளின் செயின்.
ஆகஸ்டில் தாலிக்குண்டு இரண்டு.
உருவி வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி
வெறும் மஞ்சள் கயிற்றை மறுபடி முடிந்துகொண்டார்.

கவசத்துக்கு மேலே கண், பக்கத்தில் வெறுங்காது.
எனக்குத் தெரிந்த மாதம்மாள் அவ்வளவுதான்.

அதே ஆகஸ்ட்,
கிராம் ஐயாயிரத்தைத் தாண்டிய வாரம்,
தயாபரன் வந்தார்.
வட்டத்தில் நிற்கவில்லை, மேலாளர் பின்கதவைத் திறந்தார்.
மஞ்சப்பையில் எழுநூற்றுச் சொச்சம் கிராம்,
உரைகல்லில் வெண்ணெய் மாதிரி இழுத்தது.
ஏற்காட்டில் லூப் ரோட்டை ஒட்டி மூன்று ஏக்கர் காப்பி,
ஆஸ்பத்திரி பில்லுக்காக யாரோ
பாதி விலைக்கு விடுகிறார்களாம்.
"இப்ப விட்டா எப்ப சார்?" என்றார்,
நானும் வாங்கப் போகிறவன் போல.

தொகை பெரிது, அவருக்கு வட்டி குறைவு.
தொகை சிறிது, மாதம்மாளுக்கு அதிகம்.
அந்த அட்டவணையை நான் அச்சடிக்கவில்லை.
கண்ணாடியில் ஒட்டியது மட்டும் நான்.

தராசில் பிழையில்லை; முத்திரை ஆய்வாளர் பார்த்துச் சீல் வைத்தது.
ஒரு கிராம்
அரிசியாகி, வீட்டு வாடகை பாக்கியாகி,
மகளின் பாடத்துக்கு ஒரு கீறல் விழுந்த போனாகி
மலையடியிலேயே தீர்ந்தது.
இன்னொரு கிராம்
இருபது கொண்டை ஊசி வளைவும் மூச்சு வாங்காமல் ஏறி
பத்திரமாகி, முள்வேலியாகி, இரும்புக் கேட்டாகி,
பெங்களூர்க்காரர்கள் வந்து தங்கும் நாலு அறையாகி
திரும்ப இறங்கி வந்து
தன்னைத்தானே மீட்டுக்கொண்டு போயிற்று.
மீட்ட அன்று விலை இன்னும் ஏறியிருந்தது.

மாதம்மாளுக்குப் பதிவுத் தபால் போட்டோம்.
'வீடு மாறிச் சென்றுவிட்டார்' என்று
சிவப்பு மையோடு திரும்பியது.
பிறகு ஏலம். மூன்று பொட்டலமும் ஒரே ஆள் எடுத்தார்.
அசல், வட்டி, அபராத வட்டி, அந்தத் தபாலின் செலவு
எல்லாம் போக மிச்சம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
அது அவர் பெயரில் இன்றும் இருக்கிறது, கணினியில்.

அந்த வருடம்தான் எனக்கு முதன்முதலாக ஊக்கத்தொகை வந்தது.
வாஷிங் மெஷின் வாங்கினோம்.

போன ஞாயிறு ஏற்காடு போய்விட்டு இறங்கி
அம்மாப்பேட்டையில் ஸ்கூட்டரை நிறுத்தினேன்,
பையன் செட் கேட்டான்.
வண்டியில் வேறு யாரோ பெயர் எழுதியிருந்தது.
தட்டுவடை மேல் பீட்ரூட் துருவல் தூவிய கை நிமிர்ந்தபோது
காதுத் துளையில் ஈர்க்குச்சி,
துளை தூர்ந்துவிடாமலிருக்க.
அந்தக் காதை வைத்துத்தான் ஆளைக் கண்டுகொண்டேன்.
கவசமில்லாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு
நாக்கு நுனி வரை வந்தது.
தட்டை வாங்கினேன். பழக்கதோஷம், கை எடை பார்த்தது:
நூற்றுப் பத்து கிராம் இருக்கும்.

"இன்னுங் கொஞ்சம் காரச் சட்னி விடட்டுங்களா?"
என்று விட்டார்,
அதற்குக் காசு கேட்காமல்.